மேட்டுத் தெருவும் எங்கள் திருப்தியும்

அக்கா,

இன்று காலை பல் விளக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். மூக்கில் சுள்ளென்று ஏறியது பிளீச்சிங் பவுடர் வாசம். சாக்கடை ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. கோலம் போடத் தெரியாத ஆள் போட்ட கோலம் மாதிரி, எங்கள் தெரு முனையிலிருந்து பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் கோணல்மாணலாக இழுத்துவிட்டிருந்தார்கள். ஆபீஸைத் தாண்டி ஒரு பிடி பவுடர்கூட விழவில்லை.

"ஏனுங்க, ஆரோ பெரிய ஆபீசர் வாராங்களாட்ட இருக்குது" என்றாள் என் வீட்டுக்காரி.

நோய் வந்தால் நம் ஊருக்கு இந்தப் பவுடர் வராது, அதிகாரி வந்தால்தான் வரும். அந்த வாசத்தில்தான் உங்கள் ஞாபகம் வந்தது. செத்துப்போனவர்களின் ஞாபகம் மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகையிலும் சாம்பிராணியிலும் வருகிறது. மாவு மில்லுக்காரனுக்குச் சாக்கடைப் பவுடரில் வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் முதன்முதலில் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியபோதும் அந்த வாசம்தான் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எருமப்பட்டி பஸ் நின்று போகிற நம் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்து, எல்லா இடத்திலும் ஆண்கள் நாங்களே உட்கார்ந்துவிட்டோம். மெம்பர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், யாரும் ஜெயித்து வராவிட்டால் நீங்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சட்டம் சொன்னது. யாரைச் சேர்ப்பது என்று தலைவர் வீட்டுக் களத்தில் உட்கார்ந்து யோசித்தோம்.

"வாயே தொறக்காத பொம்பளையாப் பாருங்கப்பா" என்றார் தலைவர்.

உங்கள் பெயரை நான்தான் சொன்னேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு கொஞ்சம் கடலைக்காடு, ஓர் எருமை, ஒரே மகன் என்று மேட்டுத் தெருவில் இருந்தீர்கள். மில்லுக்குக் கம்பு கொண்டுவருவீர்கள். அரைத்து வாங்கிக்கொண்டு போவீர்கள். ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மில்லு ஓடுகிற சத்தத்தில் நீங்கள் பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது என்பது பிறகுதான் என் புத்தியில் பட்டது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடம் என்னை இரண்டு முறை தோற்கடித்தது. மூன்றாவது முறை அதற்கு நான் வாய்ப்புக் கொடுக்கவில்லை. அந்த அளவு புத்திதான்.

பெண் மெம்பர் கூட்டத்துக்கு வர வேண்டியதில்லை, கூட்டம் முடிந்ததும் மினிட் புத்தகம் அவர் வீட்டுக்குப் போகும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்பது அந்தக் காலத்து வழக்கம். கிளார்க் முதல் தடவை உங்கள் வீட்டுக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தபோது நானும் கூட வந்திருந்தேன்.

"இதுல என்ன எழுதியிருக்குதுங்க?" என்று கேட்டீர்கள்.

"கூட்டத்துல பேசுனதுதானுங்கக்கா."

"அப்ப பேசறப்பவே வந்து கேட்டுக்கறனுங்க. கையெழுத்தையும் அங்கயே போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு எருமைக்குத் தவிடு கலக்கப் போய்விட்டீர்கள். கிளார்க் பேனாவை மூடக்கூட மறந்து நின்றார்.

அடுத்த கூட்டத்துக்குச் சொன்னபடி வந்தீர்கள். உங்களுக்கென்று நாற்காலி இல்லை. நான் என்னுடையதைக் கொடுத்துவிட்டு, மூலையில் கிடந்த பிளீச்சிங் மூட்டையின்மேல் போய் உட்கார்ந்தேன். மில்லிலிருந்து நேராக வந்தவன்; தலை, புருவம் எல்லாம் மாவு. "மெம்பரையும் மூட்டையோட சேத்துத் தெருவுல தூவிப்புடாதீங்கப்பா" என்றார் தலைவர். நீங்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். தவறான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

அன்று நடந்தது வருட அறிக்கைக் கூட்டம். பஞ்சாயத்து அந்த வருடம் எப்படி நடந்தது என்று நாங்களே எங்களைப் பார்த்து ஒரு மதிப்பு எழுதி யூனியன் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். கிளார்க் ஒவ்வொரு தலைப்பாக வாசிப்பார். தெருவிளக்கு என்பார். "திருப்தி" என்போம். சாக்கடை. "திருப்தி." ரேடியோ ரூம். அந்த ரேடியோ நாமக்கல்லுக்கு ரிப்பேருக்குப் போனது போனதுதான், திரும்பி வரவில்லை. அதுவும் திருப்தி. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்லிப் பழகிய வாய்கள். அதிலும் என் குரல்தான் பெரிது. வந்த டீ ஆறுவதற்குள் ஒரு வருட நிர்வாகம் முடிந்துவிடும்.

குடிநீர் என்று வாசித்தார். திருப்தி என்றோம்.

"எனக்குத் திருப்தி இல்லீங்க" என்றீர்கள்.

கிளார்க் தலையைத் தூக்கவில்லை. ஏதோ காதில் தவறி விழுந்தது என்று நினைத்துச் குடிநீர் என்ற வரியைத் திரும்பவும் வாசித்தார். நீங்களும் திரும்பவும் சொன்னீர்கள்.

தண்ணீர்த் தொட்டியைத் தலைவர் வீட்டுப் பக்கம் தாழ்வில் கட்டியிருந்தார்கள். மேட்டுத் தெரு ஊரின் அந்தக் கடைசியில், மேட்டில். நடுவில் இருக்கிற எங்கள் தெருக்கள் பிடித்து முடித்த பிறகு உங்கள் குழாய்க்கு மிச்சம் வருவது காற்றுதான். குழாய் நட்ட நாள் முதல் அப்படித்தான். உங்கள் தெருப் பெண்கள் காட்டுக்குள் ஒரு தோட்டத்துக் கிணற்றில் படி இறங்கி மொண்டு, குடம் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் திருப்தி என்றோம்.

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. உங்களிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "அக்கா, இது நம்மளப் பத்தி நாமளே எழுதறது. நம்ம ஊட்டுக் கொறைய நாமளே எழுதி மேல அனுப்புவமா?"

"ஊட்டுல ஒரு அறை ஒழுகுதுங்க. மத்த அறையில படுத்திருக்கறவங்க எல்லாம் சேர்ந்து ஒழுகலைன்னு சொன்னா, ஒழுகறது நின்னு போயிருமுங்களா?"

அதற்கு வழியையும் நீங்களே சொன்னீர்கள். "திருப்தின்னு சொல்றதுக்கு முன்னாடி மெம்பருங்க அவங்கவங்க தெருவ உட்டுப்போட்டு அடுத்த தெருவுக்குப் போகோணும். ஒரு கொடம் வெச்சுப் புடிச்சுப் பாக்கோணும். புடிச்சவங்க சொல்றத எழுதுங்க."

விளையாட்டாக ஒத்துக்கொண்டார்கள். குடம் என்பது ஆண்கள் தொடும் பொருள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தலைவர் தன் பண்ணையத்து ஆளை அனுப்பினார். ஒரு மெம்பர் மனைவியை அனுப்பினார். அந்த அம்மா போன தெருவில் வரிசைச் சண்டை போட்டுவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார். இன்னொருவர் சைக்கிளில் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்து, "கொடம் எதுக்குங்க, பாத்தாலே தெரியுதுங்களே" என்றார். எனக்கு விழுந்தது மேட்டுத் தெரு. பண்ணையத்து ஆள் எனக்கு ஏது? வீட்டுக்காரியோ, "நீங்க திருப்திப்படறதுக்கு நான் எதுக்குங்க தண்ணி சொமக்கறது?" என்று சொல்லிவிட்டாள். குடத்தை மாவுச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்து, ஏதோ திருட்டுச் சாமான் கொண்டுபோகிறவன் மாதிரி உங்கள் தெருவுக்கு வந்தேன்.

குழாயைத் திறந்தேன். புஸ் என்றது. காத்திருந்தேன். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"மெம்பரே, கொடத்தத் தலகீழா வெச்சுப் பாருங்க."

"வாய வெச்சு உறிஞ்சுங்க மெம்பரே, மாவு புடிச்ச தொண்டைக்குக் கொஞ்சமாச்சும் வரும்."

நீங்கள் உங்கள் வாசலில் முறத்தோடு நின்றுகொண்டு சொன்னீர்கள்: "அந்தக் காத்தும் பஞ்சாயத்துக் காத்துத்தானுங்க சாமி. ஊட்டு வரி கட்டியிருக்கறோம். நெறையப் புடிச்சுக்கிட்டுப் போங்க."

அந்த வருட அறிக்கையில்தான் முதல் தடவையாக எங்கள் பஞ்சாயத்து தன்னைப் பற்றி ஓர் உண்மையை எழுதியது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. கிளார்க்குக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை, "குறைவாக ஏறுகிறது" என்று போடட்டுமா என்று கேட்டார். தலைவரே, "இல்லப்பா, மெம்பரு கொடத்த வெச்சுப் பாத்திருக்கறாரு. ஏறலைன்னே எழுது" என்றார். கேட்பதுதான் கேட்கிறோம், மேட்டிலேயே இன்னொரு தொட்டி வேண்டும் என்று அதில் சேர்க்கச் சொன்னதும் அவர்தான்.

யூனியன் அதிகாரியும் இன்ஜினியரும் நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. தொட்டி கிடைக்கும் என்று நானும் நம்பினேன், நீங்களும் நம்பினீர்கள்.

அந்தத் தொட்டி உங்களுக்கு எதற்கு என்று ஊருக்கே தெரியும். மகனுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. பெண் கேட்டுப் போன இடமெல்லாம், பையனைக் குறை சொல்லாமல் தெருவைக் குறை சொன்னார்கள். கெங்கவல்லிப் பக்கம் ஒரு குடும்பம் மட்டும் இறங்கி வந்தது. பெண்ணின் மாமா உங்கள் வீடு வரை வந்து, மோர்கூடக் குடிக்காமல் எழுந்தார். "தண்ணி வரட்டும்மா. அன்னிக்கு வந்து கை நனைக்கிறோம்" என்று சொல்லிப் போனார். கம்பு அரைக்க வந்தபோது அதை என்னிடம் சொன்னீர்கள். மில்லை நிறுத்திவிட்டுத்தான் கேட்டேன்.

"மருமவ வந்தா அவ தலையில கொடம் ஏறக்கூடாதுங்க சாமி. நான் சொமந்தாச்சு. அது என்னோட போவட்டும்."

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் ஊரே பெருக்கப்பட்டது. தலைவர் மோட்டார் போடுகிறவரைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஊருல ஒரு கொறையும் இருக்கப்படாது" என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். வேறு எந்தச் சூதும் அவர் மனதில் இல்லை என்று இன்றும் நான் நம்புகிறேன். விருந்தாளி வருகிற வீட்டில் சொல்லும் பேச்சு அது. மோட்டார் போடுகிறவர் சொன்ன வார்த்தையைத் தட்டாத ஆள். காலையில் நீங்கள் ஆபீஸுக்குக் கிளம்பி வந்த பிறகு மற்ற தெருக்களின் வால்வையெல்லாம் அடைத்துவிட்டு, மொத்தத் தண்ணீரையும் மேட்டுத் தெருவுக்கு ஏற்றிவிட்டார்.

நாம் இருவரும் ஆபீஸிலிருந்து அதிகாரிக்கு முன்னால் நடந்து உங்கள் தெரு முனைக்கு வந்தோம். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் குழாய்க்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, செவ்வந்திப் பூச் சுற்றியிருந்தார்கள். அண்டா, குண்டா, தவலை, அடுப்படியிலிருந்த சொம்பு வரை தெருவுக்கு வந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் மண்டை அப்படி. உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது.

"ஐயோ, ஆரு சாமி இந்த வேலையப் பண்ணுனது?" என்றீர்கள். ஓடிப்போய்க் குழாயை மூடப் பார்த்தீர்கள். "கொடத்தத் தூக்குங்கடி. இன்னிக்கு வேண்டாம். அவங்க பாத்துட்டுப் போகட்டும், தூக்குங்க!"

"அக்கா, தண்ணிக்கா!" என்றாள் ஒருத்தி. கையில் பிள்ளை வைத்திருந்தவள். "கண்ணுக்கு முன்னால போறத எப்படிக்கா உடறது?"

நீங்கள் குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள். அதற்குள் பேச்சுச் சத்தம் நெருங்கிவிட்டது.

அதிகாரி நல்ல உயரம். வெள்ளைச் சட்டை. குழாயடியில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவ்வளவு வேகமா வருதே! இதுக்கா இன்னொரு தொட்டி கேட்டீங்க?"

"இன்னிக்கு மட்டுந்தானுங்க வருது" என்றீர்கள்.

"இன்னிக்குத்தானேம்மா நான் பார்க்கிறேன்."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "சார், மத்த தெருவு வால்வெல்லாம் அடைச்சு வெச்சிருக்குதுங்க. அதனாலதானுங்க இங்க ஏறுது. அங்க வந்து ஒரு குழாயத் தொறந்து பாருங்க, சொட்டுக்கூட வராதுங்க" என்றேன். என் வாழ்நாளில் ஓர் அதிகாரி முன்னால் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். தலைவரின் முகம் வெளுத்தது. அதிகாரி அவரைப் பார்த்தார். ஊரார் முன்னால், வந்தவர் முன்னால், ஆமாம் ஏமாற்றுகிறோம் என்று தலைவரால் எப்படிச் சொல்ல முடியும்? "போயே பாத்தரலாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் மேட்டிலிருந்து இறங்கினோம். மோட்டார் போடுகிறவர் எங்களுக்கு முன்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்தார். அதிகாரி முதல் தெருக் குழாயைத் திறந்தார். வந்தது. அடுத்த தெருவில் திறந்தார். வந்தது. தலைவர் வீட்டு வாசலில் திறக்கவே தேவையில்லை, திறந்தே கிடந்து ஓடியது. அதிகாரி போகிற இடமெல்லாம் தண்ணீர் அவருக்கு முன்னால் போய் நின்றது. கடைசியில் அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். "மாவு மில்லுங்க" என்றேன். "தெரியுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் அறிக்கைகளைப் புரட்டினார். "வருஷா வருஷம் குடிநீர் திருப்தின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இந்த வருஷம் மட்டும் திடீர்னு இல்லைங்கிறீங்க. தண்ணியும் கண் முன்னால ஓடுது. நான் எதைய்யா நம்பறது?" அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. தொட்டி வேறு ஊருக்குப் போயிற்று.

ஜீப் கிளம்பியதும் தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களாப்பா, ஒரு கொறை சொல்லலையே!" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. ஆபீஸ் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வந்தவர் திறக்கும் குழாய் வறண்டிருந்தால் ஊருக்கு மானக்கேடு என்று பதறினோமே தவிர, அந்த மானக்கேட்டைக் காட்டத்தானே அவரை வரச் சொன்னோம் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் யாரையும் திட்டவில்லை. "நம்மள நல்லவங்கன்னு சொல்லோணும்னு நெனச்சோம் பாருங்க. அதுலயே போச்சு" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனீர்கள். உங்கள் குழாய் அதற்குள் புஸ் என்று அடங்கியிருந்தது. பாதி நிறைந்த குடங்கள் பூச் சுற்றிய குழாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

கெங்கவல்லிக்காரர்கள், நம் ஊரில் தண்ணீர் பெருக்கெடுத்து ஓடியதாக யாரோ சொல்லக் கேட்டுப் பிறகு ஒரு நாள் வந்தார்கள். பெண்ணின் மாமா உங்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே குழாயைத் திருகிப் பார்த்தார். "ஏம்மா, இதான் தண்ணி வர்ற அழகா?" என்று கேட்டார். அவ்வளவுதான். உங்கள் மகன் நாமக்கல்லுக்கு லாரிக்குப் போனான். முதலில் கிளீனர், அப்புறம் டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போய்வந்தான். நாமக்கல்லிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். வாடகை வீடு, வீட்டுக்குள்ளேயே குழாய். பொங்கலுக்கு வருவான், மருமகள் ஓர் இரவு தங்கி மறுநாளே திரும்பிவிடுவாள். அவளைத் தண்ணீருக்கு அனுப்பக் கூடாதென்று அவள் எழுந்திருப்பதற்குள் கிணற்றுக்குப் போய் வந்துவிடுவீர்கள் என்று உங்கள் தெருப் பெண்கள் சொன்னார்கள்.

எங்கள் பதவிக்காலம் முடிந்தது. பிறகு பல வருடம் தேர்தலே இல்லை. தனி அதிகாரி பஞ்சாயத்தைப் பார்த்துக்கொண்டார். அறிக்கையை அவரே எழுதினார், தன்னைப் பற்றியே எழுதினார். திருப்தி என்று சொல்ல நாங்கள்கூடத் தேவைப்படவில்லை. நீங்கள் விடவில்லை. அவர் வரும் நாள் தெரிந்தால் ஆபீஸ் வாசலில் போய் நிற்பீர்கள். "மனு குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். கொடுத்துவிட்டு வருவீர்கள். வரும் வழியில் மில்லில் நின்று, "குடுத்தாச்சுங்க சாமி" என்று எனக்கு ஒரு தகவல் சொல்வீர்கள். நான் தலையாட்டுவேன்.

மழைக்காலத்தில் கிணற்றுப் படி வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பு எலும்பு. சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு டாக்டரிடம் மகன் கொண்டுபோய்க் காட்டினான். வயதாகிவிட்டது, எலும்பு இனி சேராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் பார்க்க வந்தபோது கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் வைத்துப் போன சொம்பில் கால்வாசித் தண்ணீர்.

"இந்த வருசம் என்னங்க சாமி எழுதுனாங்க?"

"வேற என்னங்க, திருப்தின்னுதான் எழுதியிருப்பாங்க."

நீங்கள் சிரித்தீர்கள். இடுப்பு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டீர்கள். "சிரிக்கக்கூட வெக்க மாட்டீங்கறீங்களே" என்றீர்கள். அதுதான் என்னிடம் நீங்கள் கடைசியாகப் பேசியது.

நீங்கள் போன அன்று, உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. மேட்டுத் தெருவில் எந்த வீட்டிலும் அவ்வளவு தண்ணீர் இல்லை. எங்கள் தெருக் குழாயில் பிடித்தார்கள். உங்கள் மகன் ஒரு குடம், நான் ஒரு குடம், தலைவர் அந்தத் தள்ளாத வயதிலும் ஒரு குடம் என்று தோளில் வைத்து மேட்டில் ஏறினோம். ஆண்கள் வெட்கப்படாமல் குடம் சுமந்து உங்கள் தெருவுக்கு வந்தது அன்றைக்குத்தான். ஏறும்போது தலைவருக்கு மூச்சு வாங்கியது. பாதியில் நின்று, "இவ்வளவு மேடாடா இது?" என்று என்னைக் கேட்டார். தினமும் பார்த்துக்கொண்டிருந்த மேடு, அக்கா. அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது மறுபடி தேர்தல் வைத்துவிட்டார்கள். நான் மறுபடி மெம்பர். என்னை எதிர்த்து நின்றவருக்கு என்னைவிட அதிகம் விரோதிகள், அதனால் ஜெயித்தேன். தலைவர் இறந்துவிட்டார், அவர் மகன்தான் இப்போது தலைவர். படித்த பையன், மரியாதை தெரிந்தவன், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். எனக்கு நாற்காலி உண்டு.

போன வாரம் வருட அறிக்கைக் கூட்டம். இப்போது முன்பு மாதிரி வெறும் திருப்தி இல்லை. எந்தத் தெருவிலிருந்து எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்று பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். புதுக் கிளார்க் வாசித்துக்கொண்டே வந்தார். எங்கள் தெருவில் குழாய்த் திருகு கெட்டது, சரி செய்யப்பட்டது. அடுத்த தெருவில் நேரத்துக்குத் தண்ணீர் விடவில்லை, சரி செய்யப்பட்டது. மேட்டுத் தெரு என்று வாசித்தார்.

"மேட்டுத் தெருவிலிருந்து இந்த ஆண்டு குடிநீர் குறித்துப் புகார் எதுவும் இல்லை."

"முன்னெல்லாம் அந்தத் தெருவுலருந்துதான் ஓயாம மனு வரும்னு அப்பா சொல்லுவாருங்க" என்றார் இளம் தலைவர். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. "இப்ப ஒண்ணுகூட இல்லை பாருங்க. ஊருலயே கொறையில்லாத தெரு இப்ப அதுதானுங்க." எல்லோரும் திருப்தி என்றார்கள்.

"எனக்குத் திருப்தி இல்லீங்க" என்றேன்.

என் குரலில் அது நன்றாக வரவில்லை. நீங்கள் சொன்னபோது நிமிர்ந்து நின்ற சொல், என் வாயில் இருமல் மாதிரி வந்தது. கிளார்க் நல்ல பையன், உடனே பேனாவைத் திறந்தார். "ஆரு பேருல எழுதறதுங்க? மேட்டுத் தெருவுல இருக்கறவங்க பேரு வேணுமுங்க."

வீடு வீடாக மனதுக்குள் போய்ப் பார்த்தேன். உங்கள் வீடு பூட்டு. அன்று குழாயடியில் கையில் பிள்ளை வைத்திருந்தவள் புருஷனோடு போர் போடும் ரிக் வண்டி வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். அவள் பக்கத்து வீடு சுவர் மட்டும். இன்னொரு வீட்டில் காது கேட்காத பெரியவர் ஒருவர், மகள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் இல்லையென்று அழுவதற்குக்கூட அந்தத் தெருவில் ஆள் இல்லை. புகார் இல்லை என்று எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, அக்கா. இத்தனை வருடத்தில் எங்கள் பஞ்சாயத்து எழுதிய இரண்டாவது உண்மை அது.

"என் பேருலயே எழுதுப்பா" என்றேன்.

"உங்க ஊட்டுலதான் நல்லாத் தண்ணி வருதுங்களே. உங்களுக்கென்னங்க கொறை?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீங்களாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். என்ன சொல்லியிருப்பீர்கள் என்று இந்த ஒரு வாரமாக மில்லு ஓடும்போதெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்த வருடமும் சொல்வேன். அப்போதும் ஆர் பேரில் என்று கேட்பார்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, கால் கழுவக் குழாயைத் திறந்தேன். முழு வேகத்தில் கொட்டியது. அப்படியே மூடிவிட்டு உள்ளே போனேன்.

"ஏனுங்க, கால் கழுவலீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

"நாளைக்குக் கழுவிக்கறேன்" என்றேன்.

நாளைக்கும் வரும், அக்கா. எங்கள் தெருவில் என்றைக்கும் வரும்.